இன்னும் போகலையா சார்?

அப்பா நங்கநல்லூரில் கட்டிய வீட்டை விற்றுவிடலாம் என்று 2016 அக்டோபரில் முடிவு செய்தோம். விலை வைத்தது நான்தான். முறை ரொம்ப சுலபம். அடுத்த தெருவில் ஒரு கிரவுண்டு என்ன விலைக்குப் போனது என்று விசாரித்தேன். அதோடு என் ஹவுசிங் லோன் பாக்கியைக் கூட்டினேன். பேரத்துக்கென்று இன்னொரு பத்து லட்சம். ஆக, இரண்டு கோடியே பத்து.

முதல் வாரமே ஒருத்தர் ஒண்ணே முக்கால் தருவதாகச் சொன்னார். ‘வீட்டைப் பார்த்துட்டுத்தான் பேசறீங்களா?’ என்று கேட்டு அனுப்பிவிட்டேன். (இதை நினைத்து இன்றைக்கும் பாதி ராத்திரியில் எழுந்து உட்காருவதுண்டு.) நவம்பர் 8-ம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். அப்புறம் எங்கள் காலிங்பெல்லை அடித்தது பால்காரர் மட்டும்தான்.

‘புதுசா வந்த வீடுன்னா பார்ட்டி விலை கேட்பான் சார். ஆறு மாசமா நிக்கற வீடுன்னா, என்ன வில்லங்கம்னு கேட்பான்’ என்றார் புரோக்கர்.

‘முப்பது வருஷத்துக்கு வில்லங்க சர்டிபிகேட் சுத்தமா இருக்கேய்யா!’

‘அது பேப்பர்ல சார்.’

2017 ஜூனில் அரசாங்கம் வழிகாட்டி மதிப்பை 33 சதவிகிதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவிகிதமாக ஏற்றியது. அடுத்து வந்தவர் இரண்டையுமே என் தலையில் கட்டினார். ‘கவர்மென்ட்டே குறைச்சிடுச்சு, நீங்க குறைக்கக் கூடாதா? பத்திரச் செலவு வேற ஏறிப்போச்சு, அதையும் பார்த்துப் போடுங்க!’ வழிகாட்டி மதிப்பு முத்திரைத்தீர்வைக்கான கணக்கு, சந்தை விலை வேறு என்று விளக்கினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் அம்மா வேறு. வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, ‘மழைன்னா இந்த ரூம் ஒழுகும். போர் தண்ணி கொஞ்சம் உப்பு’ என்று ஆரம்பித்துவிடுவாள். ஜாடை காட்டினால், ‘கண்ணுல என்னடா தூசி?’

கடைசியில் இரண்டு பார்ட்டி தேறியது. ஒருத்தர் பில்டர். ஒண்ணு அறுபது. ‘ஒழுகினா ஒழுகட்டும்மா, எப்படியும் இடிக்கத்தானே போறோம்’ என்றார். காபி போட உள்ளே போன அம்மா திரும்பி வரவே இல்லை.

இன்னொன்று வாத்தியார் தம்பதி. ஒண்ணு ஐம்பத்திரண்டு. அந்த அம்மா, ‘ஒழுகற இடத்துக்கு எந்த மேஸ்திரியைக் கூப்பிடுவீங்க?’ என்று நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

எட்டு லட்சம் வித்தியாசம். தங்கையும் கையெழுத்துப் போட வேண்டுமே, போன் செய்து முழுக் கதையும் சொன்னேன்.

‘அம்மா யாருக்குண்ணா காபி கொடுத்தாங்க?’ என்று மட்டும் கேட்டாள்.