முதலில் உறுதியைப் பாருங்கோ

சஞ்சிகையை ஸ்கேன் பண்ணியாச்சு, எங்க ஏத்திறது எண்டு ஆராவது கேட்டால் உடனே வாற பதில் ஜிபிக் கணக்குத்தான். மெகாவில 20 சும்மா தாறான், கூகிளில 15, மீடியாபயரில 10. காணி வாங்கப் போற ஆள் எத்தனை பரப்பு எண்டு மட்டும் கேட்டுப்போட்டு, உறுதியைப் பார்க்காமல் காசைக் குடுப்பாரோ?

சும்மா தருகிறவன் எப்போது மூடுவான் என்பது அவனுடைய முடிவு. ஒரு காலத்தில் எல்லாரும் லிங்க் போட்ட ராபிட்ஷெயார் 2015 மார்ச் 31 உடன் மூடப்பட்டது, கோப்புகளும் அதோடு போயின. மெகாஅப்லோடை 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு முடக்கியபோது, திருட்டுப் படம் ஏத்தினவனோடு சேர்ந்து சொந்த வேலையை வைத்திருந்தவனும் வெளியில நிண்டான். மைஸ்பேஸில் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் சேர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்பது 2019இல்தான் வெளியே வந்தது. நெருப்பு வைக்க ஒருத்தரும் தேவைப்படவில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை வருசாவருசம் உருகி எழுதுகிற குழுக்கள் இருக்கின்றன. அவர்களுடைய பழைய இதழ்களின் ஒரேயொரு பிரதி எங்க இருக்குது? ஆரோ ஒரு அண்ணையின்ர ஜிமெயில் கணக்கில. அவர் கனடாவுக்குப் போய், நம்பரும் மாறி, இரண்டு வருசம் அந்தக் கணக்கைத் திறக்காமல் விட்டால் அதை அழிக்கலாம் எண்டு கூகிளின்ர விதியிலேயே இருக்குது. அந்த 15 ஜிபியும் மெயில், போட்டோ எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்.

வாசிக்கிற ஆளையும் ஒருத்தரும் நினைக்கிறேல்லை. டேட்டா காட்டில லிங்கைத் திறக்கிற பிள்ளைக்கு முதலில் விளம்பரம், பிறகு நாலு பொய் 'டவுன்லோட்' பட்டன். இல்லாட்டி 'அனுமதி கேள்' எண்டு ஒரு பக்கம். அனுமதி குடுக்கிறவர் நித்திரை.

நாளைக்குக் கூட்டத்துக்கு வேண்டிய போஸ்டரை எங்கயும் ஏத்துங்கோ, அதில சண்டை இல்லை. இதழ்கள், துண்டுப்பிரசுரங்கள் போன்றவற்றுக்கு நிறுவனக் கடையைத் தேடவே வேண்டாம். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கிற நூலகம் திட்டம் இருக்குது. 1996இல் தொடங்கிய, இலாப நோக்கில்லாத இன்டர்நெட் ஆர்கைவ் இருக்குது. இரண்டிலும் கணக்கு இல்லாமலே வாசிக்கலாம். அப்பவும் ஹார்ட் டிஸ்கில இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீட்டில.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பேசிய பதிவுகள் வேற சாமான். அதைப் பொதுவில போடுறது பாதுகாப்பு இல்லை. மெகா மாதிரி, நிறுவனமே திறந்து பார்க்க முடியாதபடி பூட்டுகிற இடம் அதுக்குப் பொருத்தம். ஆனால் பாஸ்வேர்டும் மீட்புச் சாவியும் துலைஞ்சால் மெகாவாலயும் எடுத்துத் தர ஏலாது. சாவியைத் தாளில் எழுதி, குழுவில இரண்டு பேரிட்டையாவது குடுத்து வையுங்கோ. அதில ஒராள் ஊரோட இருக்கிற ஆளாய் இருக்கட்டும்.