மூச்சு வாங்கினால் வயசு என்று விடலாமா?

ஐம்பதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளி மேடேறும்போது மூச்சு வாங்கினால், “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்று வீட்டாரே சொல்லிவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. அது எம்பைசீமா என்னும் நுரையீரல் நோயாக இருக்கலாம்.

நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உண்டு. பல ஆண்டுப் புகை அவற்றின் சுவர்களை அழித்துவிடுகிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தங்கிவிடும். அழிந்த அறை திரும்ப வராது. முக்கிய காரணம் சிகரெட்டும் சுருட்டும்தான். ஆண்டுக்கணக்கில் விறகடுப்பு ஊதிய தாய்மாருக்கும் வரலாம்.

எம்பைசீமாவும் அடங்கிய நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் 2021-இல் மட்டும் உலகில் சுமார் 35 லட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இருமல் மருந்தோடு திரும்பி வந்துவிட்டால் போதாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதும் காற்றில் 70 விழுக்காடு முதல் வினாடியில் வராவிட்டால் அடைப்பு உண்டு என்று பொருள்.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தயங்காதீர்கள். “ஊதிப் பார்க்கணும், டாக்டர்” என்று வாய்திறந்து கேளுங்கள். சிகரெட்டை இன்றே விடுங்கள். இருக்கிற மூச்சையாவது காப்பாற்றலாம்.