பூட்டி வைத்த பக்குவம்

குடும்பத்திற்கென்று உரிய பக்குவத்தைப் பிறர்க்கு உரையாது மறைத்து வைத்தல் பெருமையென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனம் மறைத்தல் அப்பண்டத்தையே அழிக்கும் வழியாம் என்பது என் துணிபு. எம் இல்லத்தில் நிகழ்ந்தது கண்டே இதனை எழுதத் துணிந்தேன்.

குன்னூர்த் தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கெழுதி வந்த என் பாட்டனார், புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த 1948-ஆம் ஆண்டில் ஊர் திரும்பினார். உடன் வந்த பாட்டியார் மலையிலே கற்றுக் கொணர்ந்தது முட்டைக்கோசுச் சுருள். நாளடைவில் அஃது எம் குலச்சொத்தாயிற்று.

கோசின் அடித்தண்டை அகழ்ந்தெடுத்து, முழுக் கோசையும் உப்பிட்ட கொதிநீரில் அமிழ்த்தினால் இதழ்கள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்து கழலும். இதழின் நடுநரம்பைக் கத்தியாற் சீவி மெலிதாக்கல் வேண்டும்; இன்றேல் சுருட்டுங்கால் கிழியும். கொத்துக்கறி இரண்டு பங்கு, ஊறவைத்த சீரகச் சம்பா அரிசி ஒரு பங்கு, சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு, உப்பு இவையே உள்ளீடு. அரிசியைப் பச்சையாகவே சேர்த்தல் வேண்டும். அது வெந்து பெருகுமாதலின் இறுகச் சுருட்டலாகாது. மடிப்புக் கீழ்ப்புறமாகச் சட்டியில் நெருக்கி அடுக்கி, தக்காளியும் சிறிது புளியும் கரைத்த சாற்றை மூழ்குமளவு வார்த்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துச் சிறுதீயில் ஒரு மணி நேரம் வேகவிடுக. இறக்குங்கால் தேங்காய்ப்பால், அதன்பின் கொதித்தால் திரிந்துவிடும்.

இவ்விவரங்களுள் ஒன்றேனும் எம் வீட்டார் வாயிலாக எனக்குக் கிடைத்ததன்று. பாட்டியார் மூத்த மருமகளாகிய என் பெரியம்மாவுக்கு மட்டுமே கற்பித்தார். பெண்மக்கள் வேற்றில்லம் புகுவோர், அவர்களோடு பக்குவமும் போய்விடும் என்பது அவர் வாதம். இளைய மருமகளாகிய என் தாயாரோ, இதழ் சுருட்டும் வேளையில் அடுக்களையை விட்டு வெளியேற வேண்டும்! பெரியம்மா ஒருநாள் மாரடைப்பால் மறைந்தார். பாட்டியாருக்கு அதற்குள் நினைவு தடுமாறியிருந்தது. அவ்வாண்டுத் தீபாவளிக்கு நாங்கள் முயன்று செய்த சுருள்கள் சட்டிக்குள்ளேயே வெடித்துக் கஞ்சியாயின.

மசாலை அரைக்க முப்பது ஆண்டுகளாக வந்துபோன மூதாட்டியார் அதனை எட்டிப் பார்த்து, "தம்பி, அரிசி பொங்க எடம் விடணும். இறுக்கிச் சுத்தினா இப்படித்தான்" என்றார். முழுப் பக்குவமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் எவரும் மறைக்கவில்லை. அவரை எவரும் ஒரு பொருட்டாக எண்ணாமையே காரணம். எழுதவே வெட்கமாயிருக்கிறது.

அன்றியும், இப்பண்டம் எமக்கு எவ்வாறு உரியது? சுவீடன் நாட்டு மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் 1709-இல் பொல்தாவாப் போரில் ருஷியரிடம் தோற்று, துருக்கிய சுல்தானின் ஆட்சிப் பகுதியில் 1714 வரை தங்கியிருந்தார். அத்தொடர்பினாலேயே பொதிந்த இலைப்பண்டமாகிய டோல்மா சுவீடன் சென்றதென்பர். துருக்கியர் திராட்சையிலையிற் பொதிந்தனர். குளிர்நாட்டில் அவ்விலை அரிதாகவே கோசிதழ் அவ்விடத்தைக் கொண்டது. அதே நூற்றாண்டில் காய்சா வார்க் என்னும் அம்மையார் தம் சமையல் நூலில் அதனை எழுதி வைத்தார். இன்று அஃது அந்நாட்டார் அனைவர்க்கும் வீட்டுணவு. எழுதியதனால் எவர்க்கு என்ன குறைந்தது?

கைம்மணத்தை ஏட்டில் எழுத இயலுமோ என்று சிலர் வினவுவர். இயலாதுதான். ஆயினும் அளவையும் தீயையும் எழுதலாமன்றோ? உறவினர் ஓயாது கடிதத்திற் கேட்டமையாலன்றோ மீனாட்சி அம்மாள் 1951-இல் "சமைத்துப் பார்" நூலை வெளியிட நேர்ந்தது! விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், ஆடவராயினும், ஒரு குறிப்பேட்டுடன் அடுக்களையில் அரைநாள் அமர்வாராக. நகைப்போர் நகைக்கட்டும்.

மூதாட்டியார் உரைத்ததைப் படியெடுத்து, அறந்தாங்கியில் வாழும் என் தமக்கையார்க்கும் அண்டை வீட்டார் மூவர்க்கும் கொடுத்தேன். சென்ற தீபாவளிக்குச் சட்டி மீண்டும் அடுப்பேறியது. மூதாட்டியாரை முதற்பந்தியில் அமர்த்திப் பரிமாறினோம். ஒரு சுருளைப் பிட்டு வாயிலிட்டவர், புளி சற்றுக் குறைவு என்றார்.