நிறுத்திய கார் நிற்க வேண்டும்

நிறுத்திவைத்த கார் ஓட்டுநர் இல்லாமல் உருண்டோடுவது மலைப்பாதைகளுக்கே உரிய ஆபத்து என்ற எண்ணம், செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரையிலான சமவெளியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படும்போது ஹேண்ட் பிரேக்கைச் சரிபார்ப்பவர்கள்கூட, கோவளம் சாலையோரத்திலும் கொளவாய் ஏரிக்கரையிலும் கல்யாண மண்டப வாசலிலும் அதைப் பாதி இழுத்தோ, இழுக்காமலோ இறங்கிப் போகிறார்கள். இதைத் தனிமனிதரின் மறதி என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. புதிய சொந்தக் காரின் ஹேண்ட் பிரேக்கை 15 ஆண்டுகளுக்கு அரசு தரப்பில் எவரும் பரிசோதிக்கத் தேவையில்லை என்று விட்டுவைத்திருக்கும் நடைமுறைக்கும் இதில் பங்குண்டு. அந்த நடைமுறை மாற வேண்டும்.

கார் உருளுவதற்குக் கண்ணுக்குத் தெரியும் சரிவு தேவையில்லை. மாமல்லபுரத்தில் 'வெண்ணெய் உருண்டை' என்று அழைக்கப்படும், சுமார் 250 டன் எடையுள்ளதாக மதிப்பிடப்படும் பாறை, செங்குத்தான சரிவிலும் அசையாமல் நிற்பதற்கு அடிப்பாகத்தின் உராய்வே காரணம். சக்கரமோ அந்த உராய்வின் தடையை இல்லாமல் ஆக்குவதற்கென்றே உருவானது. தார்ச் சாலையில் ஒரு காரின் உருளல் தடை, அதாவது சக்கரம் உருளும்போது டயர் காட்டும் எதிர்ப்பு, வண்டியின் எடையில் நூற்றில் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரைதான். எனவே 1,000 கிலோ எடையுள்ள காரை நியூட்ரலில் விட்டால், 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் தரையே அதை நகர்த்தப் போதுமானது. மழைநீர் வடிவதற்காகத் தார்ச் சாலைகளின் நடுப்பகுதியை மேடாக்கி இருபுறமும் கொடுக்கப்படும் பக்கச் சரிவே 2 விழுக்காட்டை ஒட்டியது. ஆகவே கடைமுகப்பைப் பார்த்தவாறு சாலைக்குக் குறுக்காக நிறுத்தப்படும் கார், சமதளம் என்று தோன்றும் இடத்திலும் உண்மையில் சரிவில்தான் நிற்கிறது. ஏரிக்கரை ஏற்றம், வீட்டு வாசலின் சாய்தளம், திருக்கழுக்குன்றம் மலையடிவாரத் தெருக்கள் ஆகியவற்றில் ஆபத்து இன்னும் கூடும். 5 விழுக்காட்டுச் சரிவில் 20 மீட்டர் உருளும் கார், கணக்குப்படி மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அந்த வேகத்தில் வரும் ஒரு டன் எடையைக் கையால் தடுக்க முயல்வதும், பின்னால் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துத் தொங்குவதும் உயிரைப் பணயம் வைக்கும் செயல்களாகும்.

இதற்கு எதிராகப் பொறியியல் வகுத்திருக்கும் பாதுகாப்பு குறைவானதன்று. கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 13-எச், முழுச் சுமையேற்றிய காரை ஏற்றத்திலும் இறக்கத்திலும் 20 விழுக்காட்டுச் சரிவில் ஹேண்ட் பிரேக் மட்டுமே தாங்கி நிறுத்த வேண்டும் என்றும், அதற்குக் கை செலுத்த வேண்டிய விசை 400 நியூட்டனை, அதாவது சுமார் 40 கிலோ எடைக்கு இணையான இழுப்பை, மீறக்கூடாது என்றும் வரையறுக்கிறது. 2 விழுக்காட்டுச் சரிவைப் போலப் பத்து மடங்குச் சரிவைத் தாங்க வேண்டிய ஒரு கருவி, அந்த 2 விழுக்காட்டிலேயே காரைக் கைவிடுகிறது என்றால், ஒன்று அது போடப்படவே இல்லை, அல்லது அதன் வலிமையில் மிகப் பெரும்பகுதி எவருக்கும் தெரியாமல் கரைந்துபோயிருக்கிறது. மலையூரில் ஹேண்ட் பிரேக்கின் தளர்ச்சி முதல் நாளே வெளிப்பட்டுவிடும். சமவெளியிலோ ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, குழந்தை விளையாடும் வாசலில் ஒருநாள் வெளிப்படும். எனவே சமவெளிக்குத்தான் பரிசோதனை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அந்த வலிமை கரையும் விதமும் அறியத்தக்கது. ஹேண்ட் பிரேக் நெம்பை இழுக்கும்போது கேட்கும் 'கிளிக்' ஒலி, நெம்பு பின்வாங்காதபடி பற்களின் இடுக்கில் ஒரு சிறு கொக்கி விழுவதால் எழுவது. நெம்பு இழுக்கும் கம்பி வடம், அதாவது பிரேக் கேபிள், காரின் அடிப்பகுதி வழியாகப் பின்சக்கரங்களுக்குச் சென்று, டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூக்களை விரித்து அழுத்துகிறது. கேபிள் நீளும்போதும் ஷூவின் மேற்பூச்சு தேயும்போதும், முன்பு நாலைந்து கிளிக்கில் பிடித்த பிரேக் எட்டு, ஒன்பது கிளிக்குக்குப் போகிறது. நெம்பு உயரமாக எழுந்து நிற்பதைப் பார்ப்பவர் பிரேக் இறுகிவிட்டதாகவே நம்புகிறார். பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள கார்களில், நீண்ட ஓட்டத்தில் சூடேறிய தட்டு ஆறும்போது சுருங்குவதால் பிடி சற்றே தளரும்; அரைகுறையாக இழுத்த கார், நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து உருளத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது: உறைக்குள் நுழையும் ஈரம் கேபிளைத் துருவேற்றி இறுக்கிவிட, பிரேக் 'பிடித்துக்கொள்ளும்' என்ற அச்சத்தில் பலர் அதைப் போடுவதையே விட்டுவிடுகிறார்கள், பயன்படாத கேபிளோ மேலும் துருவேறுகிறது. பல நாள் நிறுத்திவைக்கும் வண்டியைக் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது ஏற்கத்தக்க மாற்று. இரண்டுமில்லாமல் விடுவது அன்று.

கருவியின் தளர்ச்சியோடு பழக்கத்தின் பிழையும் சேர்கிறது. கியரில் நிறுத்திய சாதாரணக் காரை எஞ்சினின் அழுத்தம் ஓரளவு தடுத்து நிறுத்தும். ஆனால் 2014-இல் மாருதி செலேரியோ வாயிலாக இந்தியாவில் பரவலான, கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. கார்களில், முழு ஆட்டோமேட்டிக் கார்களில் இருப்பதுபோல் சக்கரங்களைப் பூட்டும் 'பி' நிலை பொதுவாகக் கிடையாது. நியூட்ரலில் விட்டு இறங்கினால் ஹேண்ட் பிரேக் ஒன்றே துணை. 'பி' நிலை உள்ள கார்களிலும் குழப்பத்துக்கு இடமுண்டு: எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கைக்கு உணர்த்தாத கியர் நெம்பு காரணமாக, ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2016-இல் சுமார் 11 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது, அந்த அழைப்புக்கு உள்ளான வகை ஜீப் கார் வீட்டுச் சரிவில் உருண்டு நசுக்கியதில், நடிகர் அன்டன் யெல்சின் அதே ஆண்டு ஜூன் 19 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உயிரிழந்தார். தமிழ்நாட்டு நகரங்களில் இவற்றைவிடப் பரவலான பிழை, வேண்டுமென்றே செய்யப்படுவது: அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மண்டபங்களிலும், மற்றொரு காரை மறித்து நிறுத்துபவர், தேவைப்படுவோர் தள்ளிக்கொள்ளட்டும் என்று நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் செல்கிறார். ஒருவர் கையால் தள்ள நகரும் கார், தள்ளுவோர் இல்லாமலும் நகரக்கூடும் என்பதை அந்த நாகரிகம் மறந்துவிடுகிறது.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, உரிமம் பெற்றவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாத நிலையில், எஞ்சினை நிறுத்திப் பிரேக் போடாமலோ, வண்டி தற்செயலாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்யாமலோ அதைப் பொது இடத்தில் நிறுத்தக் கூடாது என்கிறது. மீறுவோருக்கு 177-ஆவது பிரிவின் பொதுத் தண்டனையாக முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் உண்டு என்றாலும், ஹெல்மெட்டுக்கும் சிக்னலுக்கும் காட்டப்படும் கண்டிப்பில் சிறு பங்குகூட இந்தப் பிரிவுக்குக் காட்டப்படுவதில்லை. உற்பத்தியாளரின் பொறுப்பைப் பொறுத்தவரை, ஃபோக்ஸ்வாகன் இந்தியா 2015 அக்டோபரில் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பிடித்துவைக்கும் பாகம் உடையக்கூடும் என்று 389 போலோ கார்களைத் தானே திரும்ப அழைத்த முன்னுதாரணம் இருக்கிறது. 2019 திருத்தம் சேர்த்த 110-ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. விடுபட்டிருப்பது, பயன்பாட்டில் தேய்ந்துபோன பிரேக்கைக் கண்டறியும் ஏற்பாடு. பிரிட்டனில் மூன்று ஆண்டுகளைக் கடந்த கார் ஒவ்வோர் ஆண்டும், ஜப்பானில் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். இந்தியாவில் சொந்தக் கார் 15-ஆவது ஆண்டில் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனையைச் சந்திக்கிறது.

ஆட்டோமொபைல் தொழிலால் அறியப்பட்ட மறைமலைநகரும், சொகுசு கார்கள் தயாராகும் மகேந்திரா சிட்டியும் அமைந்த செங்கல்பட்டு மாவட்டம் இதற்கு வழிகாட்டத் தகுதியானது. புகைச் சான்று பெற ஆண்டுதோறும் கார்கள் செல்லும் மையங்களிலேயே ஒரு சிறு சாய்தளம் அமைத்து, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டு நிற்கவைத்துப் பார்க்கும் சோதனையை அரசு சேர்க்கலாம். ஓட்டுநர் உரிமத் தேர்வில், வண்டியை ஓட்டிக் காட்டுவதோடு, நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஏற்றத்தில் முதல் கியரிலும் இறக்கத்தில் ரிவர்ஸிலும் விட்டு இறங்குவதற்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். மாமல்லபுரத்தின் சுற்றுலா வாகன நிறுத்துமிடங்களிலும் ஏரிக்கரைகளிலும் சக்கரம் முட்டி நிற்கும் தாழ்ந்த கான்கிரீட் தடுப்புகளை உள்ளாட்சி அமைப்புகள் பதிக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தில், ஆளில்லாமல் உருண்ட வாகனங்கள் தனிப் பிரிவாகப் பதியப்பட வேண்டும். எண்ணப்படாத விபத்துக்கு நிதியும் ஒதுக்கப்படுவதில்லை.

இவ்விபத்துகளில் பெரும்பாலானவை ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்பவை, அதற்காக எல்லாக் கார் உரிமையாளர்கள் மீதும் செலவைச் சுமத்துவது நியாயமா என்ற மறுப்பு எழக்கூடும். கவனக்குறைவுக்குத் தொழில்முறை ஓட்டுநர்களும் விலக்கல்லர்: 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவாவில் ஹேண்ட் பிரேக் முறையாகப் போடாமல் விடப்பட்ட சரக்கு ரயில், ஓட்டுநர் இல்லாமலே சுமார் 70 கிலோமீட்டர் ஓடிப் பஞ்சாபில்தான் நின்றது. உயிரிழப்பு நேராவிட்டாலும், பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் ரயில்வேயிலேயே இது நிகழ்கிறது என்றால், தனியார் கார்களை நினைவாற்றலை மட்டும் நம்பி விடுவது கொள்கையாகாது. சில நிமிடச் சோதனைக்கு ஆகும் கட்டணம், ஒரு கேபிளை மாற்றும் செலவு ஆகியவை, உருளும் கார் விளைவிக்கும் இழப்பின் முன் பொருட்படுத்தத்தக்கவை அல்ல. ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இதைத் தன் அடுத்த கூட்டத்தின் பொருளாக எடுத்துக்கொண்டு, தடுப்புகளைப் பதிப்பதிலும் 126-ஆவது பிரிவை நடைமுறைப்படுத்துவதிலும் தொடங்கட்டும். ஆண்டுச் சோதனைக்கான விதித் திருத்தத்தை மாநில அரசு மத்திய அரசிடம் வலியுறுத்தட்டும்.