மொழிபெயர்ப்பது சக வீரரின் வேலை அல்ல

ரஷ்ய ஐஸ் ஹாக்கி வீரர்களை ஒப்பந்தம் செய்யும் வட அமெரிக்க கிளப்களின் பொறுப்பு குறித்து எங்கள் செயற்குழுவின் நிலைப்பாடு

சென்ற மாதம் ஒரு கிளப் எடுத்த முடிவையும் அதைத் தொடர்ந்து நடந்தவற்றையும் உறுப்பினர்கள் அறிவீர்கள். அவற்றை இங்கே திரும்ப விவரிக்கவில்லை. சம்பந்தப்பட்ட இளைஞர் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரையோ கிளப்பின் பெயரையோ எழுதவும் இல்லை. ஆனால் அந்த கிளப் சொன்ன காரணத்துக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. அணியில் ஏற்கெனவே ரஷ்ய மொழி பேசும் வீரர் ஒருவர் இருக்கிறாராம். அதனால் தனி மொழிபெயர்ப்பாளர் தேவையில்லையாம்.

தேவை. ரஷ்யாவிலிருந்து ஒரு வீரரை அழைத்துவரும் எந்த கிளப்பும் குறைந்தது முதல் இரண்டு சீசன்களுக்கு அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும். அவர் சம்பளம் பெறுபவராக, அணியில் ஆடாதவராக இருக்க வேண்டும். ‘வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘பரிந்துரைக்கிறோம்’ என்று எழுதலாம் என்று செயற்குழுவில் சிலர் கருதினார்கள். சிறிய லீக்குகளில் ஆடும் கிளப்களின் வரவு செலவை நினைத்துச் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே பயிற்சித் தளம், பத்திரிகையாளர் சந்திப்பு போன்ற இடங்களில் இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். மருத்துவர் அறையிலும் ஒப்பந்தம் பேசும் மேசையிலும் எந்தத் தளர்வும் இல்லை.

இது நேற்று முளைத்த பிரச்சினை அல்ல. 1989 மார்ச் கடைசியில் செர்கெய் பிரியாகின் கால்கரி அணிக்காகக் களமிறங்கினார். சோவியத் அரசின் அனுமதியோடு வட அமெரிக்காவின் தலைமை லீக்கான என்.எச்.எல்.லில் ஆடிய முதல் வீரர் அவர். அதே ஆண்டு மே மாதம் இருபது வயது அலெக்சாந்தர் மொகில்னி ஸ்டாக்ஹோமில் சோவியத் அணியை விட்டு விலகி பஃபலோவுக்குப் போனார். இலையுதிர் காலத்தில் ஃபெதிசோவ், லாரியோனோவ், மகாரோவ், குருதோவ் வந்து சேர்ந்தார்கள். 1984, 1988 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிகளின் உயிர்நாடியாக இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களே தடுமாறினார்கள் என்பதை ஒவ்வொரு கிளப் நிர்வாகியும் நினைவில் வைக்க வேண்டும்.

விளாதிமிர் குருதோவுக்கு அப்போது 29 வயது. இளமை முழுவதும் மாஸ்கோ ராணுவ அணியின் முகாம் வாழ்க்கை. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எப்போது குடும்பத்தைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் அங்கே பயிற்சியாளர் விக்தர் திகோனோவ் தீர்மானித்தார். அங்கிருந்து நேராக வான்கூவர். கையில் பணம், திறந்து கிடக்கும் கடைவீதி, ஆங்கிலம் மட்டும் வரவில்லை. எடை கூடியது. 61 ஆட்டங்களில் 11 கோல். ஒரே சீசனோடு கிளப் அவரைக் கைகழுவியது. பத்திரிகைகள் அவருடைய தொப்பையைக் கேலி செய்தன. உலகின் தலைசிறந்த இடது ஓர ஆட்டக்காரராக எண்ணப்பட்ட ஒருவருக்கு ஒரே வருடத்தில் என்ன ஆனது என்று உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்?

அவரோடு அதே அணிக்கு வந்த இகோர் லாரியோனோவ் ஆங்கிலம் கற்றவர். திகோனோவின் கெடுபிடியைக் கண்டித்து 1988இல் ‘ஒகன்யோக்’ வார இதழில் பகிரங்கக் கடிதம் எழுதியவர். சொல்ல நினைத்ததை அவரால் சொல்ல முடிந்தது. நாற்பது வயதுக்குப் பிறகும் என்.எச்.எல்.லில் ஆடினார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் மொழியின் மேல் போட முடியாது என்று செயற்குழு ஒப்புக்கொள்கிறது. மனிதர்கள் வேறு, உடல் வேறு. ஆனால் பெரும்பகுதி மொழிதான் என்பது எங்களில் புதிதாக வரும் வீரர்களுக்கு உதவிவருகிறவர்களின் உறுதியான கருத்து.

இப்போது அந்தச் ‘சக வீரர்’ வாதத்துக்கு வருவோம். ஷிகாகோவில் ஆர்த்தெமி பனாரின் முதல் சீசனிலேயே, 2015–16இல், 77 புள்ளிகள் எடுத்துச் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றபோது, அவருக்கு மைய ஆட்டக்காரராகவும் வழிகாட்டியாகவும் வாயாகவும் இருந்தவர் ஆர்தியோம் அனிசிமோவ். அழகான கதைதான். அவருடைய பெருந்தன்மையை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் ஒரு நல்ல மனிதர் தானாக முன்வந்து செய்ததை எல்லா கிளப்களும் இனாமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாக மாற்றுவது அநியாயம்.

ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறோம். மொழிபெயர்க்கும்படி சொல்லப்படுகிற சக வீரர் பெரும்பாலும் அதே இடத்துக்குப் போட்டி போடுகிறவர். புதியவர் தேறினால் இவருடைய ஆட்ட நேரம் குறையும். பயிற்சியாளர் திட்டும்போது அந்தத் திட்டை அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். புதியவர் பதிலுக்குக் கோபமாக எதையாவது சொன்னால், அதை அப்படியே சொல்வதா, மென்மையாக்கிச் சொல்வதா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். தோல்வியடைந்த இரவில், குளித்துவிட்டு வீட்டுக்குப் போக நினைக்கும் நேரத்தில், பத்திரிகையாளர்கள் முன்னால் இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒருநாள் காலையில் அவரை வேறு அணிக்கு மாற்றிவிடுவார்கள். அன்று மதியத்திலிருந்து புதியவர் ஊமை.

தலையில் அடிபட்ட பிறகு என்ன நடக்கிறது? தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா என்று மருத்துவர் கேட்கிறார். நடுவில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த ஆட்டத்தில் தன்னோடு ஆட வேண்டிய கூட்டாளி. அவர் முன்னால் ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்ல எந்த இருபது வயதுப் பையனுக்கு மனம் வரும்? மனநலம், குடும்பச் சிக்கல், தூக்கமின்மை பற்றிப் பேச்சே வராது. ஒரு நோயாளியின் ரகசியம் டிரெஸ்ஸிங் ரூமில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும் ஏற்பாட்டை மருத்துவம் என்று அழைக்க நாங்கள் தயாராக இல்லை. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் தணித்து எழுதும்படி ஆலோசனை வந்தது. தணிக்கவில்லை.

செலவு என்கிறார்கள். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 2016 முதல் ஒவ்வொரு அணியும் முழுநேர ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வீரர்கள் சங்கமும் லீக்கும் சேர்ந்து கொண்டுவந்தது. பேஸ்பாலில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பது சரி. ஆனால் ஒரு அணியில் ஒரே ஒருவராக இருப்பவருக்குத் தனிமை இன்னும் அதிகம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பேச முடியாதவர் மேல் முத்திரை குத்துவது எளிது. ‘புரியாத புதிர்’, ‘சோம்பேறி’, ‘தற்காப்புக்கு ஓடி வராதவர்’, ‘மனம் இங்கே இல்லை’ என்று முப்பது வருடங்களுக்கு மேலாக அதே நாலைந்து வசை. இந்த முத்திரையும், வருவாரா மாட்டாரா என்ற தயக்கமும் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் ரஷ்யப் பெயர்களைக் கீழே தள்ளுகின்றன. கிரில் கப்ரிசோவ் 2015இல் 135ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார்; 2021இல் கால்டர் கோப்பை அவருக்கு. நிகிதா குச்சரோவ் 58ஆவது. 2019இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் அவர்தான். பனாரினை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. தவறாகக் கணித்தவர்கள் யாராவது மன்னிப்புக் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை.

டெட்ராய்ட்டைச் சொல்லி எங்களை மடக்கப் பார்க்கிறார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் 1995 அக்டோபரில் ஃபெதிசோவ், லாரியோனோவ், ஃபெதோரோவ், கோஸ்லோவ், கான்ஸ்தாந்தினோவ் ஐவரையும் ஒன்றாகக் களமிறக்கினார், அணி 1997இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது, அங்கே மொழிபெயர்ப்பாளரா இருந்தார் என்கிறார்கள். அங்கே ஐந்து பேர் இருந்தார்கள், ஐயா. அதில் இரண்டு பேர் அனுபவம் முதிர்ந்த தலைவர்கள். பழகிய ஆட்டத்தைப் பழகிய மொழியில் ஆடவிட்ட பயிற்சியாளர் இருந்தார். இளையவர் தனியாகச் சாப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒரே ஒரு பையனைக் கொண்டுவந்து, கோடையில் வாடகை வீட்டில் விட்டுவிட்டு, டெட்ராய்ட்டை உதாரணம் காட்டாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வட அமெரிக்கப் பனித்தளம் பாரம்பரிய சர்வதேசத் தளத்தைவிட சுமார் 13 அடி குறுகலானது. பக்கைப் பிடித்து யோசிக்க நேரம் கிடைக்காது. ரஷ்யாவின் கே.எச்.எல். லீக் அணிகள் பலவும் குறுகிய தளத்துக்கு மாறிவிட்டதால் இந்த இடைவெளி இப்போது குறைந்திருக்கிறது. நீண்ட சீசனும் பயணமும் எல்லோருக்கும் பொதுவானவை. தொடக்கநிலை ஒப்பந்தத்தில் கீழ் லீக்குக்கு அனுப்பப்பட்டால் சம்பளம் எவ்வளவு குறையும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வீரரின் மொழியில் எழுத்தில் தர வேண்டும்.

போரைப் பற்றி. எங்கள் உறுப்பினர்களில் உக்ரைனில் உறவுகளை இழந்தவர்களும் இருக்கிறார்கள், ரஷ்யாவில் பெற்றோரை விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். செயற்குழுவுக்கு இதில் ஒரே குரல் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டோம். கனடிய ஜூனியர் லீக்குகள் 2022இலும் 2023இலும் ரஷ்ய, பெலாரஸ் இளைஞர்களைப் புதிதாகத் தேர்வு செய்யாமல் நிறுத்தியது சரியா என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றில் மட்டும் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டோம்: ஊரில் குடும்பம் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனிடம் ஒலிவாங்கியை நீட்டி அரசியல் கேள்வி கேட்பதை கிளப்கள் தடுக்க வேண்டும். ஊரில் ஒரு வீரருக்கு என்ன நேரலாம் என்பது தெரியும்: 2022 ஜூலையில், ஃபிலடெல்ஃபியாவோடு ஒப்பந்தம் செய்திருந்த கோல்கீப்பர் இவான் ஃபெதோதோவ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிடித்துக்கொண்டு போகப்பட்டு ராணுவச் சேவைக்கு அனுப்பப்பட்டதை எல்லோரும் பார்த்தோம்.

இந்த அறிக்கையை லீக் அலுவலகத்துக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் அனுப்புகிறோம். கிளப்களுக்குத் தனியாக ஒரு செய்தி. இத்தனை காலம் எங்கள் தன்னார்வலர்கள் விமான நிலையத்திலும் வங்கியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் உங்கள் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தார்கள். செப்டம்பர் பயிற்சி முகாம் தொடங்கும் நாளிலிருந்து, மொழிபெயர்ப்பாளரை நியமிக்காத கிளப்புக்கு அந்த உதவி கிடையாது. வீரர் தானே தொலைபேசியில் அழைத்தால் வருவோம். மருத்துவமனையிலிருந்து யார் அழைத்தாலும், எந்த நேரத்திலும் வருவோம்.