உடலில் பட்ட கதிர்வீச்சின் அளவை இரத்தம் காட்டுமா? குரோமோசோம் பரிசோதனை பற்றி அறிய வேண்டியவை

சி.டி. ஸ்கேன் எடுப்பதற்காகப் பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகச் சேலம், சென்னை ஆகிய நகரங்களுக்கும் செல்லும் நோயாளிகளுக்கும் உடன் செல்வோருக்கும் ஓர் ஐயம் எழுவது இயல்பு. உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டுள்ளது என்பதை இரத்தப் பரிசோதனையால் அறிய முடியுமா என்பதே அது. அதற்கான பரிசோதனை உள்ளது. ஆனால் அது யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை நீங்கள் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

எக்ஸ் கதிர்களும் காமாக் கதிர்களும் உடலை ஊடுருவிச் செல்பவை. அவை உடலில் தங்குவதில்லை. எனினும், அளவு மிகும்போது உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களை அவை முறிக்கின்றன. முறிந்த துண்டுகளை உயிரணு மீண்டும் இணைக்க முயலும்போது, சில துண்டுகள் தவறான இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இயல்பான குரோமோசோமில் சென்ட்ரோமியர் எனப்படும் இடுக்கு ஒன்றே இருக்கும். தவறாக இணைந்த குரோமோசோமில் இரண்டு இடுக்குகள் காணப்படலாம். இத்தகைய குரோமோசோம் கதிர்வீச்சு பட்டதற்கான நம்பகமான அடையாளமாகும்.

சில மில்லிலிட்டர் இரத்தம் எடுக்கப்பட்டு, அதிலுள்ள லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் ஆய்வுக்கூடத்தில் சுமார் 48 மணி நேரம் வளர்க்கப்படுகின்றன. அவை பிரியும் தறுவாயில் நிறுத்தப்பட்டு, சாயமேற்றப்பட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. பொதுவாக 500 முதல் 1,000 அணுக்கள் வரை பார்க்கப்படும். விபத்தில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், முதற்கட்டமாக 50 அணுக்களை மட்டும் பார்த்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் பிரித்தறியப்படுவர். கதிர்வீச்சு படாதவரிடத்தும் சுமார் 1,000 அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் இக்குறைபாடு காணப்படலாம். அதற்கு மேல் எத்தனை உள்ளன என்பதைக் கொண்டு, உடல் ஏற்ற அளவு கணக்கிடப்படுகிறது.

இந்தியாவில் இது எப்போது தேவைப்பட்டது?

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படுத்தப்படாமல் இருந்த ஒரு காமாக் கதிர்வீச்சுக் கருவி, 2010ஆம் ஆண்டு தொடக்கத்தில் பழைய இரும்பாக ஏலம் விடப்பட்டது. மாயாபுரி காயலான் கடைச் சந்தையில் அது பிரிக்கப்பட்டபோது, உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் எட்டுப் பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார்.

எக்ஸ்ரே அறையில் பணிபுரிவோர் சட்டையில் கதிர்வீச்சு அளவுப் பட்டை அணிந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். காயலான் கடைத் தொழிலாளரிடம் அத்தகைய பட்டை ஏதும் இருப்பதில்லை. எத்தனை மணி நேரம், எவ்வளவு அருகில் இருந்தோம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இத்தகைய நிலையில் அவர்களுடைய இரத்தமே அளவுமானி ஆகிறது. 1987இல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளிப்பட்டு நால்வர் இறந்தனர். அப்போதும் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் குரோமோசோம் ஆய்வு செய்யப்பட்டது.

இந்தியாவில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இப்பரிசோதனை செய்யப்படுகிறது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்திலும் இத்துறையில் ஆய்வு நடைபெற்று வருகிறது.

ஸ்கேன் எடுத்தவர்களுக்கு இது தேவையா?

தேவையில்லை. இப்பரிசோதனை ஏறத்தாழ 100 மில்லிகிரேக்கு மேற்பட்ட அளவையே தெளிவாகக் காட்டும். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைப்பது சுமார் 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேனில் கிடைப்பது ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட். (இவ்வகைக் கதிர்களைப் பொறுத்தவரை, உடல் முழுவதும் ஒரே சீராகப் படும்போது ஒரு மில்லிகிரேயும் ஒரு மில்லிசீவர்ட்டும் சமமாகும்.) எனவே ஸ்கேனுக்குப் பின் இப்பரிசோதனை செய்தாலும் பயனுள்ள விடை கிடைக்காது. அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் இத்தகைய கதிர்வீச்சே இல்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரின் இரத்தத்தில் இம்மாற்றங்கள் காணப்படுவது எதிர்பார்க்கத்தக்கதே. அவருக்குத் தரப்பட்ட அளவு சிகிச்சைப் பதிவேட்டில் துல்லியமாக இருக்கும். அதைத் தனியே இரத்தத்தில் தேட வேண்டியதில்லை. கருவியின் மூலம் வெளியிலிருந்து சிகிச்சை பெற்றவரிடமிருந்து கதிர்வீச்சு வெளிப்படாது. வீட்டில் குழந்தைகள் அவர் அருகில் அமரலாம்.

பரிசோதனையின் எல்லைகள்

முடிவு வருவதற்குச் சில நாட்கள் ஆகும். மருத்துவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. வாந்தி எப்போது தொடங்கியது, இரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது ஆகியவற்றைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்குவர். மேலும், இக்குறைபாடுடைய அணுக்கள் காலப்போக்கில் அழிந்துவிடும் என்பதால், விபத்து நிகழ்ந்த சில வாரங்களுக்குள் இரத்தம் எடுப்பதே சிறந்தது. முன்பு எடுத்த ஸ்கேன், பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை, புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும். அவை முடிவை மாற்றக்கூடும். மேலும், இப்பரிசோதனை உடல் ஏற்ற அளவைக் கூறுமேயன்றி, பிற்காலத்தில் புற்றுநோய் வருமா என்பதைக் கூறாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பழைய இரும்பில் மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறியையோ, காரணமின்றி மிகக் கனமான உலோகப் பெட்டியையோ கண்டால், அதைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், வீட்டிற்கு எடுத்துச் செல்லாதீர்கள். விலகி நின்று, பிறரையும் விலக்கி, காவல் நிலையத்திற்குத் தெரிவிக்கவும்.

• அத்தகைய பொருளைக் கையாண்டபின் வாந்தி ஏற்பட்டாலோ, சில நாட்களில் தோல் சிவந்தாலோ, கருத்தாலோ, முடி கொட்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். அவசர ஊர்திக்கு 108ஐ அழைக்கவும்.

• எந்தப் பொருள், எந்த நாள், எவ்வளவு நேரம் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறவும். தீக்காயம் என்றோ, உணவு ஒவ்வாமை என்றோ கருதிச் சிகிச்சை தாமதமாவதை இத்தகவல் தடுக்கும்.

• கதிர்வீச்சுக்கு அஞ்சி, மருத்துவர் பரிந்துரைத்த ஸ்கேனையோ சிகிச்சையையோ கைவிடாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அண்மையில் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்திருந்தாலோ முன்கூட்டியே தெரிவிக்கவும். பழைய படங்களையும் அறிக்கைகளையும் உடன் எடுத்துச் சென்றால், தேவையற்ற மறுபரிசோதனையைத் தவிர்க்கலாம்.