ஆடு வாங்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

பொங்கல் வந்துவிட்டால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மாடும் ஆடும் கொண்டுவந்து நிறுத்தப்படுவதைத் தோழர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துப் போய், கூட்டத்தில் நசுங்கி, பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைகள் ஆட்டுக்குத் தழை நீட்டி ஆனந்தப்படுவது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்த அடுக்குமாடி வீடுகளில் ஆடு வளர்க்க அனுமதி இல்லை. ஆகவே அங்கே வேடிக்கையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. லயத்துக்குத் திரும்பும் நம் பிள்ளை, "அப்பா, நமக்கும் ரெண்டு வாங்குப்பா" என்று கேட்டால் அப்படி முடிவதில்லை. வீட்டுக்குப் பின்னால் இடமிருக்கிறது, புல்லுக்கும் பஞ்சமில்லை. முழங்கால் உயரத்துக் குட்டை ஆடாகப் பார்த்து ஒரு ஜோடியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார் தகப்பனார்.

இந்த 'ஜோடி'யில்தான் வினை தொடங்குகிறது.

கடாக் குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை, அதற்கு என்ன தெரியும் என்று இரண்டையும் ஒரே கொட்டிலில் அடைக்கிறோம். குட்டைச் சாதிக் கடா இரண்டு மூன்று மாதத்திலேயே சினைப்படுத்தும் பக்குவத்துக்கு வந்துவிடும். பெட்டைக் குட்டியும் நான்காம் மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். வந்தபின் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை கடா தேடும். குளிர் நாட்டு ஆடுகளுக்குப் பருவகாலம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் குட்டை ஆட்டுக்கும், நம் பக்கத்துக் கம்பிங் காச்சாங் ஆட்டுக்கும் பன்னிரண்டு மாதமும் பருவம்தான். தாய் என்றும் தங்கை என்றும் கடாவுக்குத் தெரியாது. வாங்கி ஐந்தாறு மாதம் கழித்து, ஆடு நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கையில் மடி இறங்கிவிடும். அப்போதுதான் வீட்டில் விழிப்பார்கள்.

"இதற்கா இவ்வளவு கவலை? இரண்டு நான்கானால் லாபம்தானே!" என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். பால்வெட்டுத் தோழர்களை ஒன்று கேட்கிறோம். மரம் நட்ட மூன்றாம் வருஷம் கத்தியை வைப்பீர்களா? சுற்றளவு 20 அங்குலம் வரும்வரை காத்திருப்பது எதற்காக? இளமரத்தில் வெட்டினால் இன்று ஒரு மங்குப் பால் கிடைக்கலாம். ஆனால் மரம் வளர்ச்சி குன்றிப்போகும். மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை, 1888-ல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்த ரிட்லி துரை அங்கேதான் சோதித்துச் சோதித்து வகுத்தார். அந்த வித்தை நம் கைக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. மரத்துக்குக் காட்டும் பொறுமையை ஆட்டுக்குக் காட்டுவதற்கென்ன? வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வராத குட்டி சினைப்பட்டால், அதன் இடுப்பு விரிந்திருக்காது. தலையீற்றிலேயே குட்டி சிக்கித் தாயும் குட்டியும் போய்விடும் ஆபத்து அதற்கு அதிகம்.

அந்த வேளை எப்போது வாய்க்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விடியுமுன் புருஷனும் பெண்டாட்டியும் பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆடு முக்கி முக்கி அரைமணி நேரமாகியும் குட்டி வராவிட்டால் தெரிந்தவர் கை வைக்க வேண்டும், அல்லது வைத்தியருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு பாட்டியும் இரண்டு சிறுவர்களும். மத்தியானம் பால் கொட்டகையிலிருந்து திரும்பும் தாய், கொட்டிலில் காண்பது என்ன என்று நாம் எழுதத் தேவையில்லை. அதற்கு மேலே, "ஆட்டைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள்" என்ற ஏச்சு வேறு! வாங்கியவர் அவர், ஒரே கொட்டிலில் அடைத்தவர் அவர், ஏச்சு மட்டும் அவளுக்கு. இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்? மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல்தான் மாதம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அதில் மிச்சம் பிடித்து வாங்கிய ஆடு போனால் முதலுக்கே மோசம்.

சிங்கப்பூரில் ஆட்டையே தொழிலாகக் கொண்டவர்களைப் பாருங்கள். பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடப்போவதாக 1984-ல் அரசு அறிவித்தது. பன்றி வளர்த்து வந்த ஒரு குடும்பம் லிம் சூ காங்கில் 1988-ல் ஆட்டுப்பாலுக்கு மாறியது. ஹே டெய்ரீஸ் என்ற பண்ணை அதுதான். அவர்களும் ஒரு காலத்தில் ஆட்டுக்குப் புதியவர்களே. ஆடு ஈன்றால்தான் பால். ஆகவே பால் பண்ணைக்காரனுக்குச் சினை என்பது கணக்குப் புத்தகத்தில் ஏறவேண்டிய விஷயம். எந்த ஆடு, எந்தக் கடா, எந்தத் தேதி என்று தெரியாமல் அவனால் பிழைக்க முடியாது. நமக்கும் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு போதும். தேதி தெரிந்தால் ஏறக்குறைய 150 நாள் தள்ளி எண்ணிக்கொள்ளலாம். கிராணிமார் இதை எழுதிக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. (நாமும் கிராணிதான், ஆகவே துணிந்து சொல்கிறோம்.)

சிராங்கூன் சாலைப் பக்கம் கால்நடைக்குப் புதிதல்ல. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். பஃபலோ சாலையும் பெலிலியோஸ் சாலையும் அங்கே நடந்த மாட்டு வியாபாரத்தின் மிச்சங்கள். பெலிலியோஸ் கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி. எருமைக் கொட்டிலின் பெயரையே தாங்கிய ஆஸ்பத்திரி 1924-ல் பிரசவ ஆஸ்பத்திரியாகி, 1966-ல் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 40,000 பிள்ளைகள் பிறந்த இடமாயிற்று. அதே வருஷந்தான் சிங்கப்பூர் அரசு குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் அமைத்தது. மனிதருக்கே திட்டம் வேண்டியிருந்தபோது ஆட்டுக்கு வேண்டாமா?

சினை என்று தெரிந்ததும் பப்பாளிக்காயும் கஷாயமும் கொடுத்துக் கலைக்கப் பார்க்கிறார்கள் சிலர். இது கூடவே கூடாது. மிகவும் சின்ன ஆடாக இருந்து, ஆரம்பத்திலேயே தெரிந்தால் கால்நடை வைத்தியர் ஊசி போட்டுக் கலைப்பார். அந்த மருந்தைக் கர்ப்பிணிப் பெண்கள் தொடவும் ஆகாது. ஆடு குட்டியைக் குறைமாதத்தில் போட்டாலும் அதையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். மனிதருக்குத் தொற்றும் கிருமி அதில் இருக்கலாம். நாள் முற்றியிருந்தால் ஈன விடுவதுதான் வழி. கடைசி ஆறு வாரம் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வயிற்றில் இரட்டைக் குட்டி இருந்து தாய்க்குத் தீனி போதாவிட்டால் அது நின்ற நிலையில் சோர்ந்து விழுந்துவிடும். பச்சை மரவள்ளி இலையை அப்படியே போடாதீர்கள், விஷம். களைமருந்து அடித்த புல்லும் அப்படித்தான். பிறந்த குட்டி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும்.

இத்தனை தொல்லையும் வேண்டாமென்றால் இரண்டு பெட்டையாக வாங்குங்கள். கடா வேண்டுமென்றால் காயடித்த கடாவாக வாங்குங்கள். விற்கிறவரிடம், "இது கடாவோடு இருந்ததா?" என்று கேட்க வெட்கப்படக்கூடாது. பெட்டை வரும்போதே வயிற்றில் கொண்டு வருவதும் உண்டு.

இனி சங்கத்தின் விஷயத்துக்கு வருவோம். லயத்து வீடு நம்முடையதல்ல. இரண்டு ஆடு என்று சொல்லித்தான் அனுமதி வாங்குகிறோம். கேட்காமல் சினைப்பட்டு, அதன் குட்டியும் சினைப்பட்டு, ஒன்றரை வருஷத்தில் இரண்டு ஏழாகிறது. ஏழும் இளம் ரப்பர்க் கன்றின் பட்டையைக் கடித்தால் நிர்வாகம் சும்மா இருக்குமா? சும்மா இருக்க வேண்டுமென்று நாமும் வாதாட மாட்டோம். அந்தக் கன்றுதான் நாளை நமக்குச் சோறு. ஆனால் ஒருவர் வீட்டு ஏழு ஆட்டைக் காட்டி, தோட்டம் முழுவதும் ஆட்டை ஒழி என்று உத்தரவு போடுவதை ஏற்க முடியாது. இந்தச் சாக்கை நாமே எடுத்துக் கொடுப்பானேன்?

ஆகவே கிளைக் காரியதரிசிகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். லயத்துக்கு வெளியே வேலியடைத்த ஒரு பொதுக் கொட்டில், அதில் கடாவுக்குத் தனி அறை, மாதம் ஒரு நாள் மாவட்டக் கால்நடை இலாகாவிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பது, ஆடு ஈனும் நாளில் வீட்டில் ஒருவருக்குச் சம்பளம் பிடிக்காமல் அரைநாள் விடுப்பு. கடைசிக் கோரிக்கையைக் கேட்டுத் துரைமார் சிரிக்கலாம். சிரிக்கட்டும், எழுத்தில் கொடுங்கள்.